போர்டு மேல, ஷாலக்கோ கீழ: டி ஆன்சா மோட்டல் விஷயத்துல யார்கிட்ட என்ன கேக்கணும்

கேள்வி இது: "நியூ மெக்சிகோல ஆல்புகர்க்கி வழியா கார்ல போனப்போ சென்ட்ரல் அவென்யூல டி ஆன்சா மோட்டார் லாட்ஜ்னு ஒரு பழைய போர்டு பாத்தேன், ஆனா மோட்டலைக் காணோம், அப்பார்ட்மென்ட்தான் இருக்கு. அங்க அடித்தளத்துல ஸூனி பழங்குடி ஓவியம் இருக்குன்னும், மக்கள்கிட்ட கருத்துக் கேட்டுத்தான் எல்லாம் நடந்துச்சுன்னும் சொல்றாங்க. அப்ப மக்களே இடிக்கச் சொன்னாங்களா? இந்த மாதிரி இடத்துல கருத்துக் கேக்கறதுன்னா என்னதான் கேப்பாங்க?"

நான் அந்தப் பக்கம் பழைய கட்டடங்கள்ல வேலை பாத்தவன், கருத்துக் கேட்புக் கூட்டம்னு சொல்ற சமாச்சாரத்துல நிறைய உக்காந்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். இந்த மாதிரி கூட்டத்துக்கு வந்து இடிங்கன்னு கை தூக்கறவங்க ரொம்பக் குறைவு. ஆனா எந்தக் கேள்வியை யார்கிட்ட எந்த வரிசையில கேக்கறாங்கங்கறதுலயே பாதி முடிவு எழுதியாச்சு, மீதிப் பாதியைப் பணம் எழுதும்.

முதல்ல இடத்தோட கதை. 1939ல கட்டினது. கட்டின சி.ஜி. வாலஸ் சாதாரண லாட்ஜ்காரர் இல்ல, ஸூனி ஊர்ல பல வருஷம் கடை வச்சு நகை, வெள்ளி வேலை, கல்லுல செதுக்கின உருவமெல்லாம் வாங்கி வித்த வணிகர், அவங்க மொழியும் பேசக் கத்துக்கிட்டவர். (ஸூனின்னா ஒரு ஊர், ஒரு மக்கள், ஒரு மொழி, நம்ம சூனியத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அவங்க தங்களை ஆஷிவின்னுதான் சொல்லிக்குவாங்க, அந்த மொழிக்கு உலகத்துல சொந்தம்னு சொல்லிக்க வேற மொழியே கிடையாது.) 1937ல ரூட் 66ஐ (சிகாகோல இருந்து லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் போன பழைய நெடுஞ்சாலை) நேராக்கி ஊருக்குக் குறுக்க கிழக்கு மேற்கா சென்ட்ரல் அவென்யூ மேல கொண்டுவந்தாங்க, அதுக்கு முன்னாடி அது சான்ட்டா ஃபே வழியா சுத்திக்கிட்டு வந்துச்சு. ரோடு நேரானதும் ரெண்டு பக்கமும் மோட்டல் முளைச்சுது. எல் வாடோ 1937, டி ஆன்சா 1939, கிழக்க டுகும்காரியில இருக்கிற ப்ளூ ஸ்வாலோவும் 1939 வாக்குலதான்.

வாலஸ் கணக்கு சுலபம். ஸூனி போய் வாங்கற டூரிஸ்ட் நூத்துல ஒருத்தன், ரூட் 66ல ராத்திரி தங்கறவன் ஆயிரம் பேர், அப்ப சரக்கை ரோட்டுக்குக் கொண்டுவந்துடலாம். மோட்டலையே ஒரு ஷோரூம் மாதிரி ஆக்கிட்டாரு. மண்ணு கலர் பூச்சு, தட்டைக் கூரை, பியூப்லோ (அந்தப் பக்கத்துப் பழங்குடிகளோட மண்) வீடு மாதிரி தோற்றம், காஃபிக் கடை தரையில டெராசோங்கற மெருகேத்தின சிமென்ட் பூச்சுக்குள்ள டர்க்காய்ஸ்ங்கற நீலப்பச்சைக் கல் துண்டுகளைப் பதிச்சு வச்சாரு. பேரு மட்டும் வேடிக்கை, ஹுவான் பாட்டிஸ்டா டி ஆன்சாங்கறவர் 1770கள் கடைசியில இருந்து 1780கள் வரைக்கும் நியூ மெக்சிகோவை ஆண்ட ஸ்பானிஷ் கவர்னர். வாசல்ல ஸ்பானிஷ்காரன் பேரு, தரையில ஸூனி கல், படுத்துத் தூங்கறது அயோவாக்காரன், ரூட் 66 மொத்தமும் இப்படித்தான்.

1950கள்ல வாலஸ் காஃபிக் கடைக்கு அடியில ஒரு மீட்டிங் ரூமுக்கு டோனி எடாக்கின்னு ஒரு ஸூனி ஓவியர்கிட்ட சொல்லி சுவர் நீளத்துக்கு ஷாலக்கோ ஊர்வலத்தை வரைய வச்சாரு. மேல நியான் போர்டு, அதுக்கு அடியில சாமி ஊர்வலம். இந்தக் கட்டடத்துல எல்லாச் சிக்கலும் இங்கதான் தொடங்குது, அதனால இதைக் கொஞ்சம் நிதானமாப் பாக்கணும்.

ஷாலக்கோங்கறது ஸூனியில நவம்பர் கடைசி, டிசம்பர் தொடக்கத்துல நடக்கற பெரிய சடங்கு. ஷாலக்கோங்கற தெய்வத் தூதர் உருவங்கள் ஆறு வரும், ஒவ்வொண்ணும் பத்தடி உயரம், அந்த வருஷம் கட்டின புது வீடுகளுக்குள்ள வந்து விடியவிடிய ஆடி வீட்டை ஆசீர்வாதம் பண்ணும். அந்த வீட்டைக் கட்டி, விருந்து வச்சு, ஷாலக்கோவை வரவேற்கறதுக்கு ஒரு குடும்பம் வருஷக்கணக்கா சேத்து வைக்கும். ஒரு காலத்துல வெளியாளுங்களும் போய்ப் பாக்கலாம், கூட்டம் கூடி நடத்தை கெட்டுப்போனதும் 1990 வாக்குல இருந்து வெளியாளுக்குக் கதவை ஏறக்குறைய சாத்திட்டாங்க. போட்டோ எடுக்கறதும் வரையறதும் ரெக்கார்ட் பண்றதும் கூடாது.

அப்ப இப்ப கேள்வி, ஊருக்குள்ளயே பாக்க விடாத ஒண்ணை ஒரு மோட்டல் அடித்தளத்துல கலர்ல வரைஞ்சு வச்சிருக்கு, அதை நாம "புதுப்பிக்கறோம்". எதுக்குப் புதுப்பிக்கறோம், யாரு பாக்க?

இங்கதான் வழக்கமா ஒருத்தர் எழுந்து கேப்பாரு, "வரைஞ்சதே ஸூனிக்காரர்தானே, அவரே வரைஞ்சிருக்கும்போது இப்ப என்ன பர்மிஷன்?" நியாயமான கேள்விதான், நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நினைச்சேன். ஆனா ஒரு கலைஞர் கூலிக்கு வரைய ஒத்துக்கறது வேற, அந்தச் சடங்குக்குப் பொறுப்பா இருக்கிறவங்க ஒத்துக்கறது வேற. ஸூனியில சடங்கு பத்தின அறிவு ஊருக்கே பொதுவாத் திறந்து கிடக்கறது இல்ல, எது யாருக்கு எப்போ தெரியலாம்னு வரம்பு இருக்கு, அந்தந்த சங்கத்துல தீட்சை வாங்கினவங்களுக்குத்தான் சிலது.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்றேன். கொலராடோல லா ஹுன்டாங்கற ஊர்ல பாய் ஸ்கவுட் பசங்க குழு ஒண்ணு, கொஷாரேன்னு பேரு வச்சுக்கிட்டு பழங்குடி நடனமெல்லாம் ஆடுவாங்க. 1950கள்ல அவங்க ஷாலக்கோ உருவங்களைப் புத்தகத்தைப் பாத்து அச்சு அசலா செஞ்சு ஆடப் போனாங்க. செய்தி போய் ஸூனி பெரியவங்க கிளம்பி வந்து பாத்தாங்க, பாத்துட்டு "இது போலி, இதை நிறுத்து"ன்னு சொல்லல. இது நிஜம்னாங்க. சரியா செஞ்சுட்டா அது ஷாலக்கோதான், பொம்மை இல்லன்னு சொல்லி அதுங்களை ஊருக்கே கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. நம்ம கண்ணுக்கு நகல், அவங்க கணக்குல நகல்னு ஒண்ணே கிடையாது. இந்தக் கதையை மனசுல வச்சுக்கிட்டு அந்த அடித்தளச் சுவரைப் பாருங்க. நாம அதை ஓவியம்ங்கறோம், "பாரம்பரியக் கலைச் சொத்து"ங்கறோம், அவங்கள்ல சிலருக்கு அது வெறும் படமா இருக்கணும்ங்கற கட்டாயம் இல்ல.

இன்னொரு விஷயம், பாதுகாக்கறதுன்னாலே கெடாம வைக்கறதுன்னு நாம எடுத்துக்கறோம். ஸூனியில அஹாயூதான்னு மரத்துல செஞ்ச போர்த் தெய்வங்கள் உண்டு, திறந்த வெளிக் கோயில்ல வச்சு மழையிலயும் வெயில்லயும் மெல்ல மெல்ல மண்ணோட மண்ணாப் போறதுதான் அதோட வேலை, அது மக்கிப்போறதாலதான் உலகத்துக்குக் காவல். அதையெல்லாம் திருடிக்கிட்டுப் போய் மியூசியத்துல கண்ணாடிப் பெட்டிக்குள்ள பூச்சி மருந்து அடிச்சு வச்சிருந்தாங்க. 1978ல இருந்து ஸூனி தலைவர்கள் ஒவ்வொரு மியூசியமா ஏறி இறங்கிக் கேட்டாங்க, டென்வர் மியூசியம் கொடுத்துச்சு, 1987ல வாஷிங்டன்ல இருக்கிற ஸ்மித்சோனியன் மியூசியம் கொடுத்துச்சு, 1990ல பழங்குடிகளோட எலும்பு, புனிதப் பொருளெல்லாம் திருப்பிக் கொடுக்கறதுக்குன்னு சட்டமே வந்துச்சு. திருப்பி வாங்கினதைக் கொண்டுபோய் என்ன பண்ணாங்க? வெளியில வச்சாங்க, மக்கட்டும்னு. மியூசியக்காரங்களுக்கு வயிறு எரிஞ்சிருக்கும். ஆனா பொருளுக்கு உரியவன் அதுக்கு என்ன நல்லதுன்னு நினைக்கறானோ அதுதான் அதுக்குப் பாதுகாப்பு, நாம வேற எதையோ பாதுகாத்துக்கிட்டு இருந்தோம்.

அதுக்காக ஸூனிக்காரங்க சுவரோவியமே வேணாம்ங்கறவங்கன்னு நினைச்சுடாதீங்க. அவங்க ஊர் நடுவுல இருக்கிற பழைய குவாடலூப்பே மாதா கோயில்ல அலெக்ஸ் சியோடெவா 1970ல இருந்து மகன்களோட சேந்து சுவர் முழுக்க ஆளுயரத்துக்கு கச்சினாங்கற தெய்வ உருவங்களை வரைஞ்சாரு, வாழ்நாள் வேலை அது. சொந்த ஊர்ல, சொந்த ஜனம் பாக்க, பெரியவங்க கண் முன்னாடி. அங்கயும் ஈரம் ஏறி சுவரைப் பாடாய்ப் படுத்துது, அதை எப்படிக் காப்பாத்தறதுன்னு அவங்களுக்குள்ளயே பெரிய பேச்சு உண்டு. சுவரும் வண்ணமும் ரெண்டு இடத்துலயும் இருக்கு, யாருக்காக வரைஞ்சதுங்கறதுதான் வேற.

சரி, மோட்டலுக்கு வருவோம். பெரிய ஹைவே வந்ததும் ரூட் 66 படுத்துருச்சு, 1985ல அந்த நம்பரையே அதிகாரப்பூர்வமா எடுத்துட்டாங்க. அப்புறம் இந்த மோட்டலெல்லாம் வார வாடகை, மாச வாடகைன்னு இறங்கி, போலீஸ் வண்டி வர்ற இடமா மாறி, கூரை ஒழுகி, பூட்டு விழுந்துச்சு. டி ஆன்சாவை இடிச்சுடுவாங்களோங்கற பயத்துல 2003ல ஆல்புகர்க்கி நகர நிர்வாகமே வாங்கிப் போட்டுச்சு, 2004ல தேசிய வரலாற்று இடங்கள் பதிவேட்டுல சேந்துச்சு. இங்க நம்மாளுங்க நிறையப் பேர் ஏமாறுவாங்க, அந்தப் பதிவேட்டுல பேர் ஏறிட்டா இடிக்க முடியாதுன்னு நினைப்பு. முடியும். தனியார் தன் காசுல இடிச்சா அந்தப் பதிவேடு ஒண்ணும் பண்ணாது. மத்திய அரசுப் பணமோ பர்மிட்டோ உள்ள வந்தாத்தான் 1966 வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தோட 106ஆவது பிரிவு வேலை செய்யும், அப்பத்தான் சம்பந்தப்பட்ட பழங்குடி அரசோட கலந்து பேசியே ஆகணும்னு கட்டாயம் வருது. அதுவும் கலந்து பேசற கட்டாயம்தான், சொன்னபடி கேக்கற கட்டாயம் இல்ல. நிஜமான பிடி வேற இடத்துல இருக்கு: நிலம் நகரத்து கையில இருக்கிற வரைக்கும் விக்கும்போதோ டெண்டர் விடும்போதோ "இந்த இந்தப் பகுதியைத் தொடக்கூடாது"ன்னு பத்திரத்துலயே எழுதி வாங்கிடலாம். பத்திரம் கைமாறினப்புறம் கூட்டம் போட்டு அழறதுல பிரயோஜனம் இல்ல.

நகரம் வாங்கினப்புறம் ஏறக்குறைய பதினஞ்சு வருஷம் திட்டம் வரும், போகும். ஏன்னு கேட்டா ரூம் சின்னது, இன்னிக்குக் கட்டட விதிப்படி சக்கர நாற்காலி போக இடம் வேணும், 1939லயும் அதுக்கப்புறமும் கட்டினதுன்னா ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் கலந்த பெயின்ட்டெல்லாம் இருக்கும், அதை எடுக்கறதுக்கே ஒரு பெரிய தொகை. பதிவேட்டுல இருக்கிற கட்டடத்தை முறையா புதுப்பிச்சு வருமானத்துக்கு விட்டா செலவுல 20 சதவீதம் வரிக் கழிவு உண்டு, ஆனா மொத்தத்துல பாதியை இடிச்சுட்டு அதைக் கேக்க முடியாது. கடைசியில பெரும்பகுதி போச்சு, அப்பார்ட்மென்ட் வந்துச்சு, போர்டும் ஓவிய அறையும் தப்பிச்சுது. அதே தெருவுல மேக்கால எல் வாடோவையும் நகரம்தான் காப்பாத்துச்சு, அது 2018ல மோட்டலாவே திறந்துச்சு, சில ரூமை சின்னக் கடைகளாக்கிட்டாங்க. ரெண்டையும் பாத்தவன்ங்கற முறையில எனக்கு எல் வாடோ வழிதான் பிடிச்சிருக்கு, ஆனா டி ஆன்சா இருந்த நிலைமையில அது முடிஞ்சிருக்கும்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்.

இப்ப உங்க அசல் கேள்வி, கருத்துக் கேட்பு. வழக்கமா என்ன பண்ணுவாங்க, ஒரு புதன்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்கு ஹால் புக் பண்ணி, சுவத்துல நாலு டிசைன் படம் ஒட்டி, பச்சைப் பொட்டு, சிவப்புப் பொட்டு கொடுத்து, பிடிச்சதுல பச்சை ஒட்டுங்கம்பாங்க. வர்றது யாரு? நாப் ஹில்ங்கற அந்தப் பேட்டையோட பக்கத்துத் தெருக்காரங்க, பார்க்கிங் பத்திக் கவலை. பழைய கார் கிளப், நியான் பத்திக் கவலை. பக்கத்துக் கடைக்காரர், ஆறு மாடி வந்துடுமோன்னு கவலை. எல்லாம் நியாயமான கவலைதான். ஆனா ஓவியமும் அந்த நாலு படத்துல ஒண்ணா இருக்கும், "சுவரோவிய அறையைப் பொதுமக்கள் பாக்கத் திறக்கலாமா?"ன்னு. எல்லாரும் பச்சை ஒட்டுவாங்க. ஸூனியில இருந்து யாராவது வந்திருப்பாங்களா? அங்கிருந்து இங்க வர 240 கிலோமீட்டர், ரெண்டரை மணி நேர ஓட்டம், ராத்திரி திரும்பிப் போகணும். கூட்டத்தை டிசம்பர்ல வச்சாங்கன்னா இன்னும் மோசம், ஷாலக்கோ முடிஞ்சப்புறம் அவங்களுக்குப் பத்து நாள் நோன்பு வரும், வெளி வியாபாரம் பேச்சுவார்த்தை எதுவும் கிடையாது. அப்ப அறிக்கையில "ஸூனி தரப்பிலிருந்து ஆட்சேபணை வரவில்லை"ன்னு எழுதிடுவாங்க. வராதது சம்மதம் இல்லையே.

என் அபிப்பிராயம் இதுல கொஞ்சம் கறார்: ஓவியத்தைப் பொட்டு ஒட்டற விஷயமாவே வைக்கக்கூடாது. போர்டு, முகப்பு, காஃபிக் கடைத் தரை, பார்க்கிங், வாடகை, மரம், இதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரங்க கருத்து சொல்ல வேண்டியது. ஓவியத்துக்குக் கருத்து இல்ல, அனுமதி. அதுவும் முதல்ல. ஸூனி அரசுக்குன்னு தனியா பாரம்பரியப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கு, கலாச்சார விஷயத்துல ஆலோசனை சொல்ல மதப் பெரியவங்க இருக்கிற குழுவும் இருக்கு, அவங்ககிட்ட போகணும், அவங்க ஊருக்குப் போகணும், கார் செலவை நகரம் ஏத்துக்கணும், பதில் சொல்ல அவங்களுக்கு வேண்டிய காலத்தைக் கொடுக்கணும். அவங்க சொல்றது "திறந்து காட்டுங்க"ன்னும் இருக்கலாம், "எங்க பசங்க மட்டும் வந்து பாத்துட்டுப் போறோம்"னும் இருக்கலாம், "மூடிடுங்க, படம் எடுத்து அச்சடிக்காதீங்க"ன்னும் இருக்கலாம். அதுக்கப்புறம்தான் ஆர்க்கிடெக்ட் பென்சிலை எடுக்கணும். ஏன்னா அந்த பதிலைப் பொறுத்துத்தான் அடித்தளத்துக்கு லிஃப்ட் வேணுமா வேண்டாமா, லைட் எப்படி, கதவு எந்தப் பக்கம்னு எல்லாமே மாறும்.

டெக்னிக்கலாவும் சொல்லிடறேன், ஏன்னா நல்ல எண்ணத்துல கெடுத்த சுவர் நிறையப் பாத்திருக்கேன். அடித்தள ஓவியத்துக்கு எமன் தண்ணி. மேல தட்டைக் கூரை ஒழுகும், சுவருக்குள்ள இருக்கிற குழாய் ஒழுகும், வெளி மண்ணு ஈரம் சுவர் வழியா ஏறி உள்ள இருக்கிற உப்பைக் கரைச்சு வண்ணத்துக்குப் பின்னாடி படிகமா வெடிக்கும், அப்பத்தான் பெயின்ட் செதில் செதிலா உதிரும். இதைப் பாத்ததும் வெளிப் பக்கம் சிமென்ட் பூச்சு அடிச்சு "வாட்டர்ப்ரூஃப்" பண்ணிட்டோம்பாங்க, ஈரம் வெளிய போற வழி அடைஞ்சு உள்பக்கம்தான் வரும். ஒரு வருஷமாவது ஈரம், வெப்பம் அளந்து பாத்துட்டுத்தான் கை வைக்கணும். மேல கட்டடத்தை இடிக்கும்போது வர்ற அதிர்வு இன்னொரு ஆபத்து, அதுக்கு முன்னாடி உதிரப் போற இடத்துல மெல்லிய ஜப்பான் காகிதம் ஒட்டிப் பிடிச்சு வைப்பாங்க, அதிர்வு மீட்டர் வைப்பாங்க. இங்கயும் ஒரு சொல் கவனிக்கணும்: உதிராமப் பிடிக்கறது ஒண்ணு, போன இடத்துல புதுசா வரையறது ஒண்ணு. முதலாவதுக்கு டெக்னீஷியன் போதும். ரெண்டாவது, ஷாலக்கோ விஷயத்துல, கொஷாரே பசங்க கதைதான், தெரியாதவன் தொடக்கூடாது.

இன்னொரு ஓவியம் இதே ரோட்டுல தப்பிச்ச கதையும் இருக்கு. அரிசோனால பெயின்டட் டெசர்ட் இன்ல 1940கள் கடைசியில ஹோபி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி வரைஞ்சது, ஹோபி இளைஞர்கள் ஸூனி உப்பு ஏரிக்கு உப்பெடுக்க நடந்துபோற பயணம். 1963ல மூடி, 70கள்ல இடிக்கப் பாத்தாங்க, ஜனங்க சத்தம் போட்டுக் காப்பாத்தினாங்க, இன்னிக்கு யார் வேணா போய்ப் பாக்கலாம். அது சரியா வந்துச்சு. ஆனா அதைக் காட்டி "அங்க திறந்திருக்கே, இங்க ஏன் கூடாது"ன்னு கேக்கறவங்களுக்கு, உப்பெடுக்கப் போற பயணத்தைக் காட்டற படமும் ஷாலக்கோவும் ஒண்ணு இல்ல, ஹோபியும் ஸூனியும் ஒண்ணு இல்ல. பழங்குடின்னாலே ஒரே சாக்குல போட்டுக் கட்டறதாலதான் பாதித் தப்பு நடக்குது.

கூட்டத்துல யாரும் கூப்பிடாத இன்னொரு கூட்டமும் இருக்கு, நமக்குக் கொஞ்சம் கிட்டத்து சொந்தம். ரூட் 66 செத்தப்புறம் இந்த மோட்டல்களை வாங்கி ஓட்டினதுல பெரும்பங்கு குஜராத்திக் குடும்பங்க, பின்பக்கம் ரெண்டு ரூம்ல குடியிருந்து, விரிப்பு துவைச்சு, ராத்திரி ரிசப்ஷன் பாத்து வளத்தவங்க. 80கள்ல பக்கத்து மோட்டல்காரன் "அமெரிக்கன் முதலாளி"ன்னு போர்டு வச்சு இவங்க வியாபாரத்தைக் கெடுத்தான். ரூட் 66 மலரும் நினைவுன்னா 1950 ஷெவ்ரோலேயும் மில்க் ஷேக்கும்தான் வருது, 1980ல அந்தக் கூரைக்குத் தார் பூசினவங்க வர்றதே இல்ல. அடுத்த தடவை எந்த மோட்டலுக்காவது கருத்துக் கேக்கறாங்கன்னா அவங்களையும், மாச வாடகைக்கு அங்க கடைசியா குடியிருந்தவங்களையும் கூப்பிடணும்னு நான் எழுதிக் கொடுப்பேன்.

நீங்க எங்கயாவது இப்படி ஒரு கூட்டத்துக்குப் போனீங்கன்னா "பாரம்பரியத்தைக் காப்பாத்துங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, அதை யாரும் படிக்க மாட்டாங்க, எல்லாரும் அதைத்தான் எழுதியிருப்பாங்க. குறிப்பா எழுதுங்க: காஃபிக் கடைத் தரையில பதிச்ச கல்லைப் பேக்காம அந்த இடத்துலயே விடணும், போர்டு கண்ணாடிக் குழாய் நியானாவே இருக்கணும் எல்இடி வேணாம், ஓவிய அறை சம்பந்தமா ஸூனி அரசோட எழுத்துப்பூர்வ பதில் எந்தத் தேதியில வந்துச்சு, அதை விற்பனைப் பத்திரத்துல எந்தப் பிரிவுல சேத்திருக்கீங்க. தேதியும் பிரிவு நம்பரும் கேட்டா அதிகாரி ஃபைலைத் திறந்துதான் ஆகணும்.